எலும்பு பூஜை

ஜான் ஆப்ரஹாமைப் பற்றித் தெரியாதவர் நம் வட்டத்தில் இல்லை. அவருடைய தாடி தெரியும், குடி தெரியும், கையில் காசில்லாமல் ஊர் ஊராகத் திரிந்தது தெரியும், 1987 மே 31 அன்று கோழிக்கோட்டில் ஒரு கட்டிடத்தின் மாடியிலிருந்து விழுந்து இறந்தது தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று: அவர் எடுத்த படங்கள்.

சென்ற மாதம் மந்தைவெளியில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் 'அக்ரஹாரத்தில் கழுதை'யைப் போட்டுக் காட்டினார்கள். பதினோரு பேர் வந்திருந்தோம். படத்துக்கு முன் ஜானைப் பற்றிச் சில வார்த்தைகள் என்று ஆரம்பித்தது ஒன்றரை மணி நேரம் ஓடிற்று. ஒவ்வொருவரிடமும் ஒரு கதை. எல்லாக் கதையிலும் ஒரு பாட்டில். படம் தொடங்கும்போது ஒன்பது மணி. பஸ்ஸைக் காரணம் காட்டி ஐந்து பேர் எழுந்து போனார்கள். இருந்தவர்களில் இருவர் தூங்கினார்கள். முடிந்ததும் ஒருவர், 'மகா கலைஞன் ஸார்' என்றார். எந்தக் காட்சியில் என்று கேட்டேன். பதில் இல்லை. நான் அநாகரிகமாக நடந்துகொண்டதாக மறுநாள் காதில் விழுந்தது. இந்தக் கட்டுரை அந்த அநாகரிகத்தின் தொடர்ச்சி.

எழுந்து போனவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சென்னைக் கல்லூரி ஒன்றில் நாராயணசாமி என்ற பேராசிரியர். தாயை இழந்த ஒரு கழுதைக் குட்டியை எடுத்து வளர்க்கிறார். கல்லூரி சிரிக்கிறது. குட்டியைத் தன் கிராமத்து அக்ரஹாரத்தில் கொண்டு விடுகிறார். பேச முடியாத உமா என்ற வேலைக்காரப் பெண் அதைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு இறந்து பிறந்த குழந்தை கோயில் வாசலில் கிடக்கிறது. பழி கழுதையின் மேல் விழுகிறது, அடித்துக் கொல்கிறார்கள். பிறகு ஊரில் அற்புதங்கள் நடக்க ஆரம்பிக்கின்றன. கொன்றவர்களே கும்பிடுகிறார்கள். எலும்பைத் தோண்டி எடுத்து முறைப்படி சம்ஸ்காரம் செய்யப் போகிறார்கள். அந்த நெருப்பு அக்ரஹாரத்தையே தின்றுவிடுகிறது.

நாம் ஜானுக்குச் செய்திருப்பது இதுதான். 1977-ல் இந்தப் படம் வந்தது. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருதும் பெற்றது. அதே 1977-ன் '16 வயதினிலே' இன்றும் தெருமுனை டீக்கடை வரை தெரிந்த பெயர்; விருது வாங்கியது எது என்று மயிலாப்பூர் மாடவீதி நான்கிலும் கேட்டுப் பாருங்கள். தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக அறிவித்துவிட்டுப் பின்வாங்கிற்று. இது முதல் கொலை. இப்போது நடப்பது எலும்பு பூஜை. முதலாவதைச் செய்தவர்கள் மற்றவர்கள் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதைச் செய்பவர்கள் நாம்.

வெளியாள் ஒருவர், கேரளத்துக் கிறிஸ்தவர், நம்மைப் பரிகசிக்க வந்தார் என்று அன்று முணுமுணுத்தவர்களின் பேரன்கள் இன்று அதையே கலகம் என்று கொண்டாடுகிறார்கள். இருவரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். இந்தப் படத்தின் திரைக்கதை வெங்கட் சாமிநாதனுடையது. 'எழுத்து'வில் எழுதத் தொடங்கியவர், நம் பத்திரிகைகளுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தவர். பேராசிரியராக நடித்து, இசையும் அமைத்த எம்.பி. சீனிவாசன், 1960-ல் 'பாதை தெரியுது பா'ருக்கு இசையமைத்தவர். இது வெளியிலிருந்து விழுந்த கல் அல்ல. உள்ளிருந்து எழுந்த குரல். அதனால்தான் அது உறுத்த வேண்டும்.

குடிகார மேதை என்ற கட்டுக்கதை இன்னொரு காரியத்தையும் செய்கிறது. ஜான் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் வேலை பார்த்தவர். அதை விட்டுப் பூனா திரைப்படக் கல்லூரிக்குப் போனார். ரித்விக் கட்டக்கிடம் படித்தார். மணி கௌலின் 'உஸ்கி ரோட்டி'யில் (1969) உதவியாளராக இருந்தார். அதாவது உட்கார்ந்து கற்றுக்கொண்டவர். அவர் விட்டுப் போன மாதிரியான ஒரு நாற்காலியில்தான் நான் பத்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அவர் பித்தர், தெய்வப் பிறவி என்று வைத்துக்கொண்டால் எனக்கு எவ்வளவு சௌகரியம்! என்னிடம் அந்தப் பித்து இல்லை. ஆகவே நான் ஒன்றும் செய்யாமலிருப்பதில் தவறில்லை. நம் கூட்டங்களில் பாட்டில் கதைகள் ஓயாமல் வருவதற்கு இதுதான் காரணம் என்று சந்தேகிக்கிறேன்.

படத்தைப் பார்த்தவனுக்குத்தான் குறை சொல்லும் உரிமை உண்டு. சொல்கிறேன். பிரஸ்ஸோனின் 'பல்தஸார்' (1966) இதற்கு முன்னோடி என்பது தெரிந்ததே. ஆனால் அங்கே காமிரா கழுதையோடு இருக்கிறது. அதன் கண்ணுக்கு எதிரே மனிதர்கள் நடமாடுகிறார்கள். இங்கே கழுதை பெரும்பாலும் பிறர் பழி போடுவதற்கான ஒரு இடம். அக்ரஹாரத்தார் பல காட்சிகளில் மனிதர்களாக இல்லை, கேலிச்சித்திரங்களாக இருக்கிறார்கள். வாயில்லா ஜீவன்கள் இரண்டில் கழுதைக்குக் கோயில் என்கிறார்கள். உமாவுக்கு என்ன என்று படமும் கேட்கவில்லை. முடிவின் நெருப்பு அவளுக்குப் பதிலாகாது.

ஆனாலும் இது பெரிய படம். காரணம் அந்தப் பேராசிரியர். நல்லவர், படித்தவர், இரக்கமுள்ளவர்; கழுதையைக் காப்பாற்றிய கையோடு அதை ஊரில் விட்டுவிட்டுப் பட்டணத்துக்குத் திரும்பிவிடுகிறவர். கொலை நடக்கும்போது அவர் காவல் இல்லை. ஜானின் மற்றப் படங்களையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். 'செறியாச்சன்டெ க்ரூரக்ருத்யங்ஙள்' (1979) படத்தில் குட்டநாட்டு நிலக்காரன், போலீஸ் விவசாயிகளை அடித்து நொறுக்குவதைக் கண்டு, தானே குற்றவாளி என்று பயந்து சித்தம் கலங்குகிறான். ஊர் ஊராக ஜனங்களிடம் காசு திரட்டி எடுத்த 'அம்ம அறியான்' (1986) படத்தில் ஓர் இளைஞன், இறந்துபோன ஒருவனின் தாய்க்குச் செய்தி சொல்ல வயநாட்டிலிருந்து கொச்சிக்குப் போகிறான். வழியில் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்கிறார்கள். மூன்றும் ஒரே கேள்வி: பார்த்தவன் என்ன செய்தான்?

அந்தக் கேள்வி நம்மை நோக்கியது. மொட்டை மாடியில் ஓடிய பிரதி மங்கல். முகங்கள் சாம்பலாக அழிந்திருந்தன. என் கவுண்டருக்கு நவம்பர் தோறும் பென்ஷன்காரர்கள் உயிர்ச் சான்று கொடுக்க வருகிறார்கள். இந்தப் படம் உயிரோடிருக்கிறதா என்று விசாரிக்கக்கூட நமக்கு ஒரு வரிசை இல்லை.

என் யோசனை சிறியது. அடுத்த இதழில் ஜானுக்கு நான்கு பக்கம் ஒதுக்குங்கள். படத்தை முழுக்கப் பார்த்தவர்கள் மட்டும் எழுதட்டும். ஆளுக்கு ஒரு காட்சி. பக்கம் நிரம்பாவிட்டால் வெற்றாகவே அச்சிடுங்கள். நம் கணக்கு எவ்வளவு என்று தெரிந்துபோகும்.