கையடக்கக் கருவியும் நம் எடைக்கல்லும்

ஆளைத் தெரிந்தெடுக்கும்போது குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே ஆராய்ந்து, மிகுந்து நிற்பது எதுவெனக் கண்டு முடிவு செய்யவேண்டும் என்று வழிகாட்டினார் வள்ளுவர். ஆளுக்குச் சொன்ன அவ்வழி, ஆளைவிட்டு நீங்காமல் சட்டைப் பையிலும் கைப்பையிலும் குடியிருக்கும் கையடக்கக் கருவிக்கும் பொருந்தும் எனலாம். பேசவும் எழுதவும், படம் பிடிக்கவும் பாட்டுக் கேட்கவும், படிக்கவும் பணம் செலுத்தவும் ஒரே பல்லூடகக் கருவி என்றாகிவிட்டது. புதியதொன்று விற்பனைக்கு வரும்போதெல்லாம் அதனை எடைபோடும் பேச்சு நம் வகுப்பறை வாயில்வரை கேட்கிறது. எடைபோடுவது நன்றே. எந்த எடைக்கல்லைக் கொண்டு எடைபோடுகிறோம் என்பதே நம் வினா.

தியாகராய நகர் உஸ்மான் சாலையிலோ பாண்டி பசாரிலோ உள்ள கடை ஒன்றில் நுழைந்து புதிய திறன்பேசியைக் காட்டச் சொன்னால், விற்பனை இளைஞர் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். கேமரா இத்தனை மெகாபிக்சல், நினைவகம் இத்தனை ஜி.பி., பேட்டரி இத்தனை மணி நேரம், திரை இத்தனை அங்குலம், விளிம்பு வளைந்தது, பின்புறம் கண்ணாடி. யாவும் தேவையானவையே. அண்மையில் அத்தகைய கடை ஒன்றில், "இதில் தமிழ் எழுதும் பலகை எங்கே இருக்கிறது, தம்பி?" என்று கேட்டோம். "எல்லாம் உள்ளேயே இருக்கும் சார், செட்டிங்ஸில் போய் எடுத்துக்கலாம்" என்றார். இருந்தது உண்மை. ஆனால் அமைப்புப் பட்டியலைத் திறந்து, மொழி என்னும் அறைக்குள் புகுந்து, நான்கைந்து படிகள் இறங்கிய பின்னரே அது வெளிப்பட்டது. விற்பவர்மீது குறை சொல்வதற்கில்லை. வாங்குவோர் கேளாத ஒன்றை அவர் ஏன் மனப்பாடம் செய்யவேண்டும்?

வேறோர் எடைக்கல்லைக் கையில் கொண்டு கருவி சமைத்தோரும் நம் நாட்டில் இருந்தனர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் நிறுவனத்து வினய் தேஷ்பாண்டேயும் பிறரும் சேர்ந்து உருவாக்கிய 'சிம்ப்யூட்டர்' என்னும் கையடக்கக் கணினி 2001இல் உலகின் பார்வைக்கு வந்தது. எளிமை, மலிவு, பன்மொழி ஆகிய மூன்றையும் தன் பெயரிலேயே சுமந்த கருவி அது. 206 மெகாஹெர்ட்ஸ் செயலி, 320க்கு 240 புள்ளிகளே கொண்ட சிறு திரை, தொட்டு எழுத ஒரு கோல், மூன்று சிறிய பேட்டரிகள். இன்றைய பிள்ளைகள் கேட்டால் நகைப்பர். எனினும் அதன் வடிவமைப்பில் இரண்டு உயர்ந்த கருத்துகள் இருந்தன. படிக்கத் தெரியாதவருக்கும் பயன்பட வேண்டுமென, எழுத்தை இந்திய மொழிகளில் ஒலியாக்கி வாசிக்கும் ஏற்பாடு ஒன்று. தனித்தனியே வாங்க இயலாதவர் ஒரு கருவியைப் பலராய்ப் பகிர்ந்துகொள்ள, அவரவர் செய்திகளை ஸ்மார்ட் கார்டு எனப்படும் சிறு அட்டையில் சேமித்துக் கையோடு கொண்டுசெல்லும் ஏற்பாடு மற்றொன்று.

2004இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் துணையோடு 'அமிடா' என்னும் பெயரில் அது கடைக்கு வந்தபோது தொடக்க விலை ஏறத்தாழ 10,000 ரூபாய். அதற்கு முந்திய ஆண்டிலேயே ரிலையன்ஸ் நிறுவனம் 501 ரூபாயை முதலில் செலுத்தினால் கைப்பேசி என்று அறிவித்துவிட்டது. ஊருக்கு ஒன்று என எண்ணிச் செய்த கருவியை, ஆளுக்கு ஒன்று என வந்த கருவி வென்றது. சிம்ப்யூட்டர் சில ஆயிரங்களோடு நின்றுபோயிற்று. அதன் கருத்தே தவறு என்று முடிவு கட்டுவோர் உளர். நாம் அதற்கு உடன்படவில்லை. அது விலையில் தோற்றது, காலத்தாழ்வில் தோற்றது. இக்கருவி யாருக்கு, அவர் மொழியில் என்ன செய்யும் என்று அது கேட்ட கேள்வி தோற்கவில்லை. 2020 ஊரடங்கின்போது நம் மாணவர் பலர் இல்லங்களில் ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் முறைவைத்துப் பாடம் கேட்டனர். அவரவர்க்கு ஓர் அட்டை என்ற சிந்தனையின் அருமை அப்பொழுது விளங்கிற்று.

கைப்பேசி வென்ற அக்காலத்தில்தான் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் வழக்கமும் வேரூன்றியது. இதனை இளையோரின் மொழிப்பற்றின்மை என்று மேடைதோறும் சாடுகிறோம். கருவியின் வடிவமைப்பையும் சற்று நோக்கவேண்டும். குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்தாயின் 160 இடங்கள். தமிழாயின் 70 இடங்களே. அதிலும் 'கொ' என்னும் ஓரெழுத்து இரண்டு இடங்களைப் பிடித்துக்கொள்ளும். ஒரு செய்தியில் முடியவேண்டியதற்கு இரண்டு, மூன்று செய்திகளுக்குரிய கட்டணம். பெற்ற கருவியிலோ பலவற்றில் தமிழ் எழுத்தே தோன்றாது, கட்டங்கள்தாம் தோன்றும். கையில் இருந்த காசை எண்ணிப் பார்த்து அப்பிள்ளைகள் ஆங்கில எழுத்தைத் தேர்ந்தனர். இன்று அத்தடை நீங்கிவிட்டது. கட்டணம் எழுத்தைப் பொறுத்ததன்று; தமிழ் எல்லாக் கருவியிலும் தெளிவாகத் தோன்றுகிறது. தடை நீங்கிய பின்னும் பழக்கம் நீங்காதிருப்பதே நம் கவலை.

அயலெழுத்தில் தமிழ் எழுதுவது நமக்குப் புதிதன்று என்று சிலர் வாதிடுவர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் அரபுத்தமிழில் எழுதினரே என்பர். ஆம், எழுதினர், எவ்வாறு எழுதினர் என்பதே பொருட்டு. அரபு நெடுங்கணக்கில் எகர ஒகரங்களுக்கு இடமில்லை. டகர, ணகர, ளகர, ழகரங்களுக்கும் இடமில்லை. இல்லாதவற்றுக்காக இருக்கும் எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளியும் குறியும் இட்டுப் புதிய எழுத்துகளைப் படைத்துக்கொண்டனர். தமிழ் ஒலி சிதையலாகாது என்பதற்காக அயலெழுத்தை வளைத்தனர் அவர்கள். இன்றைய கைப்பேசித் தமிழோ அயலெழுத்துக்காகத் தமிழ் ஒலியை வளைக்கிறது. பள்ளியும் பல்லியும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. அரபுத்தமிழில் பெருநூல்கள் யாத்த கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் உழைப்பை, விரல்நுனிச் சோம்பலுக்குச் சான்றாகக் காட்டுதல் முறையாகாது.

தமிழ் எழுதக் கடினம் என்ற சொல்லும் ஆராயத்தக்கது. 1999 பிப்ரவரியில் இதே சென்னை மாநகரில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக 'தமிழ்99' விசைப்பலகை உருவாயிற்று. தமிழின் முதலெழுத்து முப்பது என்று தொல்காப்பியர் கண்ட கணக்கே அதன் அடிப்படை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 விசைகளில் 247 எழுத்தும் அடங்கிவிடுகின்றன. உயிர்கள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ககரத்தைத் தட்டி ஆகாரத்தைத் தட்டினால் 'கா' பிறக்கும். ஙகரத்தையடுத்துக் ககரத்தைத் தட்டினால், ஙகரத்தின் தலையில் புள்ளி தானே வந்தமர்ந்து 'ங்க' என நிற்கும். ஞகர சகரம், ணகர டகரம், நகர தகரம், மகர பகரம், னகர றகரம் ஆகியவையும் அவ்வாறே. நன்னூலில் இனவெழுத்து என்று நாம் நடத்தும் பாடத்தை அந்தப் பலகை அறிந்து வைத்திருக்கிறது! உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆவதைக் கரும்பலகையில் வரைந்து காட்டும் நமக்கு இதைவிடச் சிறந்த துணைக்கருவி ஏது?

இப்பலகை கணினியோடு நின்றுவிடவில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியிடப்பட்டுக் கைப்பேசியில் தமிழ் எழுத வழி திறந்தது. 2013இல் ஐபோனிலேயே தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு பலகைகளும் இடம்பெற்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதியொன்றும் உண்டு. இந்நாட்டில் விற்கும் கைப்பேசி 22 இந்திய மொழிகளையும் திரையில் காட்டவேண்டும்; எழுதுவதற்கு ஆங்கிலம், இந்தி, அவற்றோடு இன்னும் ஓர் இந்திய மொழியேனும் இருக்கவேண்டும். அந்த 'இன்னும் ஒன்று' என்னும் இருக்கையில்தான் தமிழ் அமரவேண்டியுள்ளது. திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 முதல் 2014 வரை இயங்கிற்று. இன்று சுங்குவார்சத்திரத்தில் ஐபோன்கள் பூட்டப்படுகின்றன. பூட்டும் கை நம் பெண்மக்களுடையது. தமிழகத்தில் விற்கும் கருவி திறந்தவுடன் தமிழில் பேசட்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு இல்லையா?

எழுத்தை விட்டு ஒலிக்கு வருவோம். மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பகுதியில் வாழும் நம் உறவினராகிய மாமி ஒருவர் எண்பதைக் கடந்தவர்; கீழக்கரையில் பிறந்தவர். அரபுத்தமிழைத் தடையின்றி வாசிப்பார். தமிழெழுத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். பேரன் வாங்கித் தந்த திறன்பேசியில் அவருக்குப் பயன்படும் கூறு ஒன்றே ஒன்று: வந்த செய்தியைத் தமிழில் வாசித்துக் காட்டுவது. மெகாபிக்சல் அவருக்கு ஒரு பொருட்டன்று. சிம்ப்யூட்டர் செய்தோர் மனத்தில் கொண்டிருந்த பயனாளர் இத்தகையவரே. அடையாறு பக்கம் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஹேமா மூர்த்தி முதலானோர் தமிழ் எழுத்தை ஒலியாக்கும் பணியில் பல்லாண்டுகள் உழைத்துள்ளனர். 2017இல் கூகுள் நிறுவனம் தமிழில் பேசினால் எழுத்தாக்கும் வசதியைக் கொண்டுவந்தது. இவ்வசதி பெரிதும் போற்றத்தக்கது; குறையும் இல்லாமலில்லை. 'வாப்பா' என்று மாமி சொன்னதைக் கருவி 'வா அப்பா' என்று எழுதியதைக் கண்டு வீடே சிரித்தது. நூலில் உள்ள தமிழைக் கற்ற கருவி, வீட்டில் உள்ள தமிழையும் கற்கவேண்டும்.

பேசினால் எழுதிவிடுமே, பிறகு விசைப்பலகை எதற்கு என்று மாணவர் வினவக்கூடும். அமைதியான அறையில் அது சரி. பேருந்திலும் வகுப்பிலும் நூலகத்திலும் பேசிக்கொண்டிருக்க இயலாது. மேலும், ளகரமா ழகரமா என்ற முடிவைக் கருவியே எடுத்துவிடும்போது, அது தவறியதைக் காணும் கண் நமக்கு இருக்கவேண்டும். தேர்வுத்தாளில் இன்றும் கையால்தான் எழுதுகின்றனர். அங்கே உதவிக்கு ஒருவரும் வாரார்.

ஆகவே நம் துறைக்கு ஒரு சிறு கருத்துரை. முதலாண்டுப் பகுதி 1 தமிழ் வகுப்பில், எழுத்திலக்கணம் நடத்தும் வாரத்தில், இரண்டு மணி நேரத்தை ஒதுக்குவோம். அவரவர் கைப்பேசியை வெளியே எடுக்கச் சொல்வோம். வகுப்பில் அதனை எடுக்க நாமே சொல்லும் நாள் அது ஒன்றாகத்தான் இருக்கும். தமிழ்99 பலகையை முன்னே கொண்டுவந்து வைக்கவும், திரையின் மொழியைத் தமிழாக்கவும், வாசிக்கும் குரலைத் திறக்கவும் காட்டுவோம். பின்னர் இனவெழுத்துப் பாடத்தை அப்பலகையிலேயே நடத்துவோம். முதல் ஒப்படைப்பை அதில் தட்டி அனுப்பட்டும். கருவி இல்லாத மாணவர் அருகில் இருப்பவரோடு பகிர்ந்துகொள்ளட்டும். அடுத்த புதிய கருவியை வாங்க அம்மாணவர் உஸ்மான் சாலைக்குச் செல்லும்போது, மெகாபிக்சலோடு சேர்த்துத் தமிழையும் கேட்பர். விற்பனை இளைஞரும் அதனை மனப்பாடம் செய்துகொள்வார்.