டீசலை வாயால் உறிஞ்சும் பழக்கம் இனி வேண்டாம்!

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ அறுவடைக்கும் கும்பப்பூ நடவுக்கும் இடையே கிடைப்பது சில வாரங்களே. ஒரு வயலில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வயலில் டில்லர் தொளி உழவுக்கு இறங்கிவிடும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணித் தண்ணீர் கால்வாயில் வரும் நாட்களை நம் வசதிக்குத் தள்ளிப்போட முடியாது. இந்த அவசரத்தில் நடு வயலில் டில்லரின் டீசல் தீரும் நிலை வந்தால் என்ன செய்கிறோம்? வரப்போரம் நிற்கும் டிராக்டரின் தொட்டியில் ஒரு குழாயை விட்டு, மறுமுனையை ஒருவர் வாயில் வைத்து இழுக்கிறார். டீசல் வந்ததும் துப்பிவிட்டுக் குழாயைக் கேனில் விடுகிறார். வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறோம்.

டீசலை மாற்ற வேண்டிய தேவை உண்மையானது. தொட்டி அடியோடு வற்றினால் எரிபொருள் குழாயில் காற்றுப் புகுந்துவிடும். பிறகு டீசல் ஊற்றினாலும், காற்றை வெளியேற்றும் வரை இன்ஜின் கிளம்பாது. அரைநாள் வேலை போய்விடும். ஆகவே டீசலை மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு மனிதனின் வாயைக் கருவியாக்கக் கூடாது என்பதே என் கருத்து.

உறிஞ்சுவதால் வரும் கேடு

டீசல் வயிற்றுக்குள் போவதைவிட மூச்சுக்குழாய்க்குள் போவதுதான் பெரிய ஆபத்து. குழாயில் டீசல் எந்த நொடியில் வாய்க்கு வரும் என்பது தெரியாது. திடீரென வந்ததும் புரை ஏறுகிறது. அப்போது சிறிதளவு டீசல் நுரையீரலுக்குள் இறங்கினாலும் போதும். அது மெல்லிய எண்ணெய் ஆதலால் சிற்றறைகளில் விரைந்து பரவி அவற்றைப் புண்ணாக்குகிறது. கிருமி இல்லாமலே நிமோனியா போன்ற நோய் உண்டாகிறது. வாயில் எண்ணெயை வைத்துத் தீ ஊதிக் காட்டும் வித்தைக்காரர்களுக்கு இந்நோய் வருவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். டீசலை உறிஞ்சியவர்களுக்கும் இதே நோய் வருகிறது.

முதலில் இருமல் மட்டும் இருக்கும். சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் தோன்றும். அதற்குள் டீசல் உறிஞ்சிய விஷயம் மறந்துபோய், சேற்றில் நின்றதால் வந்த சளிக்காய்ச்சல் என்று கஷாயம் குடித்துக்கொண்டிருப்பார்கள். வீண்போகும் அந்த நேரத்தில் நோய் முற்றுகிறது. உயிருக்கே முடிவாவதும் உண்டு.

"இருபது வருஷமாக உறிஞ்சுகிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று சிலர் கேட்பார்கள். இருபது வருடமும் புரை ஏறவில்லை என்பதே அதன் பொருள். அடுத்த முறை ஏறாது என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குழாயை வாயில் வைப்பவர் பெரும்பாலும் இயந்திரத்தின் சொந்தக்காரர் அல்லர். வயலின் சொந்தக்காரரும் அல்லர். கூலிக்கு வந்த உதவியாளரோ பள்ளிப் படிப்பை முடித்து வேலைக்கு வந்த பையனோதான். டீசல் ஒருவருடையது, நுரையீரல் இன்னொருவருடையது. இதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

கைப்பம்பு வேலை செய்யும் விதம்

சில நூறு ரூபாய் விலையில் கிடைக்கும் சிறிய கைப்பம்பு இந்த ஆபத்தை அடியோடு நீக்கும். நடுவில் கையால் அமுக்கும் குமிழ், இரு பக்கமும் குழாய், உள்ளே இரண்டு ஒருவழி வால்வுகள், இவ்வளவுதான் அதன் அமைப்பு. பம்ப்செட்டின் ஃபுட் வால்வு தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் தடுப்பது போலவே இந்த வால்வுகளும் டீசலைப் பின்வாங்க விடுவதில்லை. குமிழை அமுக்கி விட்டால் டீசல் மேலேறும். நாலைந்து முறை அமுக்கியதும் குழாய் நிறைந்துவிடும்.

டிராக்டர் தொட்டி மேட்டிலும் கேன் பள்ளத்திலும் இருந்தால், அதன்பின் அமுக்க வேண்டியதே இல்லை. டீசல் தானாகவே வழியும். ஆகவே வண்டியை வரப்பின் மேல் நிறுத்திக் கேனைத் தரையில் வைப்பது எளிது. கேன் மேலே இருந்தால் கடைசி வரை அமுக்கித்தான் ஆக வேண்டும். 200 லிட்டர் பீப்பாய் வைத்திருப்பவர்களுக்குக் கைப்பிடியைச் சுற்றி இயக்கும் பம்பு ஏற்றது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

நம் மாவட்டம் ரப்பர் விளையும் மாவட்டம். ஆனால் மரத்துப் பாலில் செய்த இயற்கை ரப்பர், டீசலிலும் பெட்ரோலிலும் ஊறி உப்பித் தளர்ந்துவிடும். எனவே எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பர் குமிழும் குழாயும் உள்ளதா எனக் கேட்டு வாங்க வேண்டும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருவதால், களைவெட்டிக்கும் விசைத்தெளிப்பானுக்கும் பெட்ரோல் மாற்றுவோர் அதையும் தாங்கும் பம்பையே வாங்க வேண்டும். குமிழில் அம்புக்குறி இருந்தால் அது கேனை நோக்கி இருக்கட்டும்.

பயன்படுத்தும்போது

இன்ஜினை நிறுத்திச் சூடு ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பள்ளத்தில் தங்கி, தூரத்து நெருப்பையும் பற்றிக்கொள்ளும். ஆகவே மோட்டார் அறைக்குள்ளும் கிணற்று மேட்டிலும் வைத்துப் பெட்ரோலை மாற்றக் கூடாது.

குழாயின் நுனி தொட்டியின் அடியைத் தொடாமல் இரண்டு விரற்கடை மேலே நிற்கட்டும். தண்ணீரும் கசடும் அடியில்தான் தங்கும். அவை டில்லருக்குள் போனால் இன்ஜெக்டர் கெடும். வாயால் உறிஞ்சும் அவசரத்தில் இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை.

கேனை வாய்க்கால் கரையில் வைக்காதீர்கள். சிந்தும் டீசல் கால்வாய் வழியே குளத்துக்குப் போகும். அந்தக் குளத்தில்தான் நாமும் நம் மாடுகளும் குளிக்கிறோம்.

எரிபொருளுக்கு வைத்த பம்பைப் பூச்சிமருந்துக்கோ குடிநீருக்கோ பயன்படுத்தக் கூடாது. தெளிப்பான் முனை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதும் பழக்கமும் இதே வகைத் தவறுதான். அதற்குப் பழைய பல்துலக்கும் பிரஷ் போதும்.

புரை ஏறிவிட்டால்

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியின்போது டீசல் மறுபடியும் மூச்சுக்குழாய்க்குள் போகும். உப்புத் தண்ணீர், பால், எண்ணெய் எதையும் கொடுக்க வேண்டாம். வாயைக் கொப்பளிக்கச் செய்து, டீசல் பட்ட சட்டையைக் கழற்றி, நிமிர்ந்து உட்கார வையுங்கள். இருமல் நிற்காவிட்டாலோ மூச்சு வாங்கினாலோ 108 ஆம்புலன்சை அழைத்து, ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ உடனே கொண்டு செல்ல வேண்டும். முதலில் நன்றாக இருந்தவருக்கு மறுநாள் காய்ச்சல் கண்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். டீசல் உறிஞ்சியதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

யார் பொறுப்பு?

வாங்கி வைக்கும்படி விவசாயிக்கு அறிவுரை சொல்வதோடு இது முடியக் கூடாது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் சொந்தமாக டில்லர் வைத்திருப்பதில்லை; வாடகைக்குத்தான் பிடிக்கிறார். எனவே இயந்திரத்தை வாடகைக்கு விடுபவரே ஸ்பானர், கிரீஸ் துப்பாக்கியோடு கைப்பம்பையும் கொண்டுவர வேண்டும் என்பது வழக்கமாக வேண்டும். வாடகை பேசும்போதே "பம்பு இருக்கிறதா?" என்று கேட்கலாம். அரசு மானியத்தில் தரப்படும் ஒவ்வொரு டிராக்டருடனும் டில்லருடனும் ஒரு கைப்பம்பையும் சேர்த்துக் கொடுக்கலாம். இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே அல்ல. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இரண்டு மூன்று பம்புகளை வாங்கி இரவலாகத் தந்தாலும் ஊருக்கே பயன்படும்.

விவசாயப் பெருமக்களே, அடுத்த உழவுக்கு டில்லர் வயலில் இறங்குமுன் இந்தச் சிறு கருவி ஒன்று உங்கள் பக்கத்தில் இருக்கட்டும். அதுவரை யாராவது குழாயை வாய்க்குக் கொண்டுபோனால் தடுத்து நிறுத்துங்கள். டீசல் வாங்கி வர ஒரு மணி நேரம் தாமதமானாலும் நடவு கெட்டுப்போகாது.