கம்பி குத்தினால் சொல்லலாமா?

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் முன்னோர் வாக்கு. பல் இருந்தும் சொல் போகும் நாட்கள் சில உண்டு என்பதைப் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்ட மாணவியரைக் கேட்டால் அறியலாம். நம் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பிலும் அத்தகையோர் ஓரிருவரைக் காண்கிறோம். அவர்களுள் நானும் ஒருத்தி. பதினோராம் வகுப்பில் பயிலும் எனக்கு இது இரண்டாம் ஆண்டு. கம்பியின் பெருமையைப் பாட நான் வரவில்லை. அதனால் வாயில் உண்டாகும் புண்ணைப் பற்றியும், அப்புண்ணைக் குறித்து நம்மிடையே நிலவும் சில எண்ணங்களைப் பற்றியும் என் கருத்தைக் கூற, அருட்சகோதரியரும் பெற்றோரும் தோழியரும் இடந்தர வேண்டுகிறேன்.

"அழகுக்காகத்தானே போட்டுக்கொண்டாய், பொறுத்துக்கொள்!" இச்சொல்லைக் கேட்காத கம்பிக்காரி எவளும் இல்லை. வீட்டிலும் கேட்கிறோம், பேருந்திலும் கேட்கிறோம். அழகை விரும்புவது அப்படியென்ன குற்றம் என்று திருப்பிக் கேட்கத் தோன்றும். அது ஒருபுறம் இருக்கட்டும். முன்னால் மிகவும் துருத்திய மேற்பற்கள், கூடைப்பந்து ஆடும்போதோ படியில் இடறி விழும்போதோ முதலில் உடைகின்றன. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பற்களின் இடுக்கில் தூரிகை நுழைவதில்லை. சிலருக்குக் கோரைப்பல் வெளியே வர வழியின்றி எலும்புக்குள்ளேயே கிடக்கிறது. இவற்றிற்காகக் கம்பி கட்டியவளை அலங்காரப் பிரியை என்பது எவ்வகையில் நியாயம்?

வலியில் இருவகை உண்டு. ஒன்று பல்லின் வலி. மருத்துவர் கம்பியை மாற்றிய சில மணி நேரத்தில் அது தொடங்கும். மறுநாள் உச்சத்தை எட்டும். பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் அடங்கிவிடும். பல் நகரும் பக்கத்தில் எலும்பு சிறிது சிறிதாகக் கரைய, விட்டு வந்த பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. இவ்வளவு பெரிய வேலை வாய்க்குள் நடக்கும்போது சிறிது நோகத்தான் செய்யும். இந்த வலியைப் பொறுத்துக்கொள் என்றால் நானும் தலையசைப்பேன்.

மற்றது உதட்டின் உட்புறத்திலும் கன்னத்திலும் வரும் புண். பல்மேல் ஒட்டிய சிறு உலோகத் துண்டுகளை, அதாவது பிராக்கெட்டுகளை, நம் வாயின் மென்மையான தோல் இதற்குமுன் கண்டதில்லை. ஆகவே முதல் இரண்டு மூன்று வாரங்கள் உரசி உரசிப் புண்ணாகும். பிறகு அத்தோல் சற்றுத் தடித்துப் பழகிக்கொள்ளும். இதுவும் எதிர்பார்க்க வேண்டியதே. ஆனால் பழகிய பின்னரும் ஓரிடத்தில் மட்டும் திடீரெனப் புண் வந்தால், அங்கே குத்தும் பொருள் ஒன்று இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது கடைவாயில் நீட்டிக்கொண்ட கம்பி முனை. கோணலாக நின்ற பற்கள் நேராகும்போது, வளைந்து கிடந்த கம்பியும் நேராகி, அதன் மிச்சம் பின்பக்கமாக வெளியே வருகிறது. சிகிச்சை நன்றாக நடக்கிறது என்பதற்கே அது அடையாளம்! எனினும் கன்னத்திற்கு அந்த நல்ல செய்தி தெரியாதே.

இங்கேதான் நம் இல்லங்களின் வழக்கமான தீர்ப்பு வருகிறது: "உடம்பு சூடு, வயிற்றில் புண், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை வாங்கிக் கொடு." பாட்டி சமைத்துத் தரும் மணத்தக்காளிக் கீரைக் கூட்டை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. காரமில்லாத அக்கூட்டு புண்பட்ட வாய்க்கு இதமானது, தேங்காய்ப்பாலும் அப்படியே. ஆயினும் கீரை கம்பியை வெட்டாது. முள் தைத்த காலுக்கு முள்ளை எடுக்காமல் மருந்து தடவுவாருண்டோ? கம்பியின் முனையை மருத்துவர் ஒரு நொடியில் நறுக்கிவிடுவார். அதற்குள் ஒரு வாரத்திற்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பது வீண் என்பதே என் துணிபு.

மருத்துவரிடம் போகும்வரை என்ன செய்வது? அவர் தரும் சிறு மெழுகுப் பெட்டிதான் நம் உற்ற தோழி. கையைக் கழுவி, குத்தும் இடத்தைப் பஞ்சால் ஈரமின்றித் துடைத்து, பட்டாணியளவுக்கும் குறைந்த மெழுகை விரலால் உருட்டி அதன்மேல் அழுத்த வேண்டும். ஈரத்தின்மேல் ஒட்டாது, "மெழுகு நிற்கவேயில்லை" என்று புலம்புவோரில் பலர் துடைக்காமல் ஒட்டுகிறவர்கள்தாம். உண்ணுமுன்னும் பல் துலக்குமுன்னும் அதை எடுத்துவிட வேண்டும். தவறிச் சிறிது விழுங்கினாலும் கேடில்லை. மெல்லிய கம்பியானால் பென்சிலின் ரப்பர் முனையைக் கழுவி, அதனால் மெல்லத் தள்ளிப் பல்லோடு ஒட்டி மடக்கலாம். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு நாளுக்கு மூன்று நான்கு முறை கொப்பளிப்பது நல்லது. உரசல் நின்றுவிட்டால் புண் ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறும். மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணை மருத்துவரிடம் அவசியம் காட்ட வேண்டும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துப் புண்மேல் வைக்கும் கைவைத்தியம் தோலையே வேகச் செய்துவிடும். கடையில் கேட்டு வாங்கும் வாய்ப்புண் களிம்புகள் சிலவற்றில் சாலிசிலேட் என்னும் பொருள் இருக்கிறது. அதை 16 வயதுக்குட்பட்டோர்க்குத் தரலாகாது என்று பிரிட்டனில் 2009-இலேயே அறிவித்தனர். பெற்றோர் வாங்குமுன் உறையைப் படித்துப் பார்ப்பார்களாக.

பழங்காலத்தாரைவிட நாம் பாக்கியசாலிகள்தாம். 1728-இல் பாரிஸ் நகரில் பியேர் ஃபோஷார் என்னும் பல் மருத்துவர் எழுதிய நூலில், உலோகப் பட்டை ஒன்றைப் பல்லோடு நூலால் கட்டி இழுக்கும் முறை கூறப்படுகிறது. அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் 1928-இல் இன்றைய பிராக்கெட்டின் முன்னோடியை வகுத்தார். அப்போதெல்லாம் பல்லைச் சுற்றி உலோக வளையம் மாட்ட வேண்டும். பல்லின்மேல் நேரே ஒட்டும் முறைக்கு வழி பிறந்தது, 1955-இல் மைக்கேல் புயோனகோர் என்பவர் அமிலத்தால் பல்லின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிக் காட்டிய பிறகுதான். 1970-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் நிக்கல், டைட்டானியம் கலந்த கம்பியைக் கொண்டுவந்தார். எவ்வளவு வளைத்தாலும் மெல்ல மெல்லத் தன் பழைய உருவுக்குத் திரும்பும் கம்பி அது. பல்லை முரட்டுத்தனமாக இழுப்பது அதனால் குறைந்தது. பற்கள் உடைக்கப்பட்டு மறைசாட்சியான புனித அப்போலோனியாவைப் பல்வலிக்காரரின் பாதுகாவலியாகத் திருச்சபை வணங்குவதையும், பிப்ரவரி 9 அவரது திருநாள் என்பதையும் தோழியர்க்கு நினைவூட்டுகிறேன். தேர்வுக் காலத்திற்குச் சற்று முன்னால் வருவதால் அத்திருநாளை நாம் கவனிப்பதில்லை போலும்!

என் இனத்தாரையும் சற்றுக் கண்டிக்க வேண்டும். வாய் நோகிறது என்று பல் துலக்காமல் இருப்பவர்கள் நம்முள் இருக்கிறார்கள். கம்பியைச் சுற்றி அழுக்குப் படிந்தால் ஒரு மாதத்திலேயே பல்லில் வெண்புள்ளி தோன்றத் தொடங்கலாம். கம்பியைக் கழற்றிய பின்னும் அத்தழும்பு நிற்கும். ஈறு வீங்கினால் உரசலும் கூடும். மென்மையான தூரிகையால் மெல்லத் துலக்குங்கள், ஆனால் துலக்குங்கள். புண்ணோடு ஊறுகாயும் முறுக்கும் கடலை மிட்டாயும் தின்றுவிட்டு மருத்துவரைக் குறைகூறுவோரைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. தயிர்ச்சோறும், இட்லியும், தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பமும் அந்நாட்களுக்கு ஏற்றவை. பொங்கல் கரும்பைக் கடித்துப் பிராக்கெட்டைப் பெயர்த்துக்கொண்டோரும் உண்டு. கரும்புச் சாறு குடித்தால் பொங்கல் கோபித்துக்கொள்ளாது, குடித்தபின் வாய் கொப்பளித்தால் பல்லும் கோபித்துக்கொள்ளாது.

இனிப் பள்ளியிடம் என் வேண்டுகோள். ப, ம ஆகிய எழுத்துக்களை உதடு கூடாமல் ஒலிக்க முடியாது. 'அம்மா', 'அப்பா' என்னும் போதெல்லாம் புண்பட்ட உதடு பிராக்கெட்டில் அழுந்துகிறது. கம்பி மாற்றிய இரண்டு நாட்கள் மட்டும் அம்மாணவியை உரக்கப் படிக்கச் சொல்லாமல் விடலாம். மதிய உணவுக்குப்பின் குழாயடியில் அவளுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகத் தரலாம். நோயுற்றோர் அறையில் உப்பும், ஒரு சிறு கண்ணாடியும், ஒரு மெழுகுப் பெட்டியும் வைக்கலாம். இவற்றிற்குச் செலவு அதிகம் ஆகாது.

இன்னொன்று சற்றுப் பெரியது. முழு வருகைக்கான பரிசை இழக்க மனமின்றி, கன்னத்தைக் கம்பி கிழிக்கும்போதும் சனிக்கிழமை வரை வாய்மூடி இருக்கும் மாணவியரை நான் அறிவேன். அவர்களுள் நன்றாகப் படிப்பவர்களே அதிகம். மருத்துவரின் சீட்டோடு பல் சிகிச்சைக்குச் செல்லும் அரைநாளை வருகைக் குறைவாகக் கணக்கிடாதிருக்கத் தலைமைச் சகோதரி அவர்கள் வரும் கல்வியாண்டு முதல் ஆணையிட வேண்டும் என்று, கம்பி கட்டிய அனைவர் சார்பிலும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.