பள்ளிக்குப் பிள்ளைகள் வேண்டும், 'பிள்ளை' வேண்டாம்

தென் மாவட்டப் பங்கு ஒன்றில் புதிதாகக் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி திறக்கப் போகிறார்கள். புனித தேவசகாயம் பெயரை வைப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் பெயர்ப்பலகையிலும் திறப்பு விழா மலரிலும் 'தேவசகாயம் பிள்ளை' என்றே இருக்க வேண்டும் எனப் பங்குப் பேரவையில் ஒரு தரப்பு விடாப்பிடியாக நிற்கிறது. கேட்டால், "அது எங்கள் பாரம்பரியம்" என்கிறார்கள்.

தென் தமிழகக் கிறித்தவக் கல்வி வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் எனக்கு, அந்தப் பாரம்பரியத்தை முழுதாகவே பேசிவிடலாம் என்று தோன்றுகிறது.

1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராக இருந்தவர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அங்கே அவருக்கு இடப்பட்ட பெயர் லாசர்; தமிழில் தேவசகாயம். அதில் பிள்ளை கிடையாது. ஒடுக்கப்பட்ட சாதியினரோடு சமமாகப் பழகியதும் அவர்மீது வன்மம் கொள்ளக் காரணமானது. 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாதி பார்க்காமல் சமத்துவத்தை வலியுறுத்தினார் என்று திருச்சபையே அவரைப் போற்றுகிறது. 2012இல் அருளாளராக உயர்த்தியபோது ஒட்டிக்கொண்டிருந்த 'பிள்ளை'யை, எதிர்ப்புக் கிளம்பிய பிறகு வத்திக்கான் நீக்கியது. 2022 மே 15 அன்று அவர் தேவசகாயம் என்ற பெயரிலேயே புனிதரானார். உரோமையே கைவிட்ட பட்டத்தை உள்ளூர்ப் பங்கு தூக்கிச் சுமப்பது யாருக்காக?

"பிள்ளை சாதிப் பெயரல்ல, அரசு தந்த பட்டம்" என்கிறார்கள். சரி, அந்தப் பட்டம் எந்தச் சாதிகளுக்குக் கிடைத்தது? எவருக்குக் கிடைத்திருக்கவே முடியாது? தோள்சீலை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் 1859 வரை போராட வேண்டியிருந்த நாடு அது. அங்கே பட்டமும் சாதியும் தனித்தனியாக இருந்தன என்று யாரை நம்பச் சொல்கிறீர்கள்?

அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872இல் எழுப்பிய கோயிலில் வெள்ளாளர் முதலானோருக்கு ஒரு பக்கம், நாடார் முதலான மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து நடுவே சுவர் வைத்தார்கள். 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. பிள்ளை, முதலி பட்டம் கொண்ட கத்தோலிக்கர்கள் தங்கள் தனியிடத்தைத் திரும்பக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். இந்த வழக்கும் பாரம்பரியம்தானே? விழா மலரில் இதற்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள்?

வடக்கன்குளத்துச் சுவரோடு கதை முடியவில்லை. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் எழுப்பித் தலித்துகளின் பிணங்களைப் பிரித்தார்கள். 2008இல் இறையூரில் தலித் கிறித்தவர்கள் சம உரிமை கேட்டதற்காகத் தாக்கப்பட்டார்கள். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணமே, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 1.9 கோடிக் கத்தோலிக்கரில் சுமார் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும் சொன்னது.

இந்தத் தலைகளையும் எண்ணித்தான் திருச்சபை சிறுபான்மையினர் உரிமை பேசுகிறது. அரசமைப்பின் 30ஆவது பிரிவு தரும் அந்த உரிமையின் பேரில், ஏழைக் குழந்தைகளுக்கு 25 விழுக்காடு இடம் ஒதுக்கும் கடமையிலிருந்து சிறுபான்மைப் பள்ளிகளுக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் விலக்கு அளித்தது. உரிமை கேட்கும்போது எண்ணிக்கைக்குத் தலித்துகள், பலகை எழுதும்போது பிள்ளையா?

நாங்குநேரியில் 2023இல் ஒரு தலித் மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்க வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. பழைய பலகைகளையே அழிக்கச் சொல்லும் காலத்தில், புதுப் பலகையில் சாதியை எழுதப் பார்க்கிறீர்கள்.

'பிள்ளை'யை எடுத்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. நன்கொடையாளர் கல்வெட்டிலும் சாதிப் பட்டம் இருக்கக் கூடாது. விழா மலர் வடக்கன்குளத்துச் சுவரையும் சொல்ல வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், கட்டணம் கட்ட முடியாத தலித் குழந்தைகளுக்கு முதல் வகுப்பில் முதல் ஆண்டே இடம் தர வேண்டும். ஆசிரியர் நியமனத்திலும் அவர்களுக்குரிய பங்கு வேண்டும். இவற்றைப் பங்குப் பேரவை தீர்மானமாக நிறைவேற்றி, கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும்.

ஆறு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் குழந்தை முதலில் வாசிப்பது தன் பள்ளியின் பெயரைத்தான். பலகை எழுதுகிறவரிடம் 'தேவசகாயம்' என்பதோடு தூரிகையைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.