உபயம்

என் தங்கை மகன் வங்கியொன்றில் நகைக்கடன் பிரிவில் பணிபுரிகிறான். மதிய உணவுக்கும் நேரமில்லாத உழைப்பு. சென்ற மாதம் கிடைத்த ஓய்வுநாளில், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்கு இருவரும் சென்றோம். புதுமனைக்கென ஒரு பித்தளைத் தூக்குவிளக்கை ஆசையுடன் எடுத்தான். அதன் அடியில் ஒரு கோயிலின் பெயரும் ‘உபயம்’ என்னும் சொல்லும் தேய்ந்து தெரிந்தன. வந்த வழிக்குக் கடைக்காரரிடம் சான்றில்லை.

“மாமா, அடகு வைக்க வருபவரிடமே ‘நகை உங்களுடையதா?’ என்று கேட்கிறேன். சுவாமி சொத்துக்குக் கேட்க வேண்டாமா?” என்று விளக்கைத் திருப்பி வைத்தான்.

லண்டன் வரை சென்ற பத்தூர் நடராஜர் வழக்காடி மீட்கப்பெற்று, 1991இல் தாயகம் திரும்பினார். சிறு விளக்குக்கும் மணிக்கும் வழக்காட எவர் உளர்? வாங்குவோர் மனச்சாட்சியே அவற்றுக்குக் காவல்.