கோடைக்கு ஒரு கோசுமல்லி

சித்திரை, வைகாசித் திங்களில் தில்லி, நாகபுரி போன்ற நகரங்களில் வெப்பம் சில நாள்களில் 45 டிகிரி செல்சியசைத் தொடுகிறது. அந்நாள்களில் வீட்டில் மிகுந்த வெம்மை சமையலறையில்தான். மற்றவர்கள் மின்விசிறியின்கீழ் அமர்ந்திருக்க, ஒருவர் மட்டும் அடுப்பின்முன் நிற்கிறார். பெரும்பாலும் அவர் அம்மாவாகவே இருக்கிறார். ஆகவே, கோடையில் அடுப்பு வேண்டாத உணவு ஒன்றையேனும் பிள்ளைகளே செய்யவேண்டும் என்பது என் கருத்து. அதற்கு மிகவும் ஏற்றது கோசுமல்லி.

இது நமக்குப் புதியதன்று. இராமநவமியன்று பானகம், நீர்மோர் ஆகியவற்றோடு இதனையும் படைப்பது தமிழ்நாட்டு இல்லங்கள் பலவற்றின் வழக்கம். கன்னடர் இதனைக் கோசம்பரி என்பர். மராத்தியரின் கோஷிம்பீரும் வடநாட்டாரின் கச்சும்பரும் இதனை ஒத்தவையே.

நால்வருக்குக் கால் கிண்ணம் பாசிப்பருப்புப் போதும். அதைக் கழுவி ஒரு மணிநேரம் ஊறவைத்து, நீரை வடித்துவிடுங்கள். இரண்டு வெள்ளரிக்காய்களை நன்கு கழுவிப் பொடியாக அரியுங்கள். ஒரு கேரட்டையும் சிறு துண்டு மாங்காயையும் துருவுங்கள். தேங்காய்த் துருவலும் கொத்தமல்லித் தழையும் சேர்த்துக் கிளறுங்கள். உண்ண அமரும்போது உப்பிட்டு, அரைமூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். முன்னரே உப்பிடலாகாது. வெள்ளரிக்காயில் நூற்றுக்கு 95 பங்கு நீரே உள்ளது. உப்பு அந்நீரை வெளியே இழுத்துவிடும், காய் துவண்டுபோகும். அறிவியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் சவ்வூடு பரவல் இதுவே.

பிள்ளைகள் கையில் கத்தியைக் கொடுக்கலாமா என்று சிலர் அஞ்சுவர். அந்த அச்சம் நியாயமானதே. சிறியவர்கள் பருப்பை ஊறவைக்கட்டும், பழம் பிழியட்டும். வளர்ந்தவர்கள் பெரியவர் அருகிருக்க அரியட்டும். வெயில் காலத்தில் பச்சைக்காய் கெட்டுவிடாதா என்றும் கேட்பர். செய்தவுடன் உண்டுவிட்டால் அக்கவலை இல்லை. ஆண்பிள்ளைக்கு அடுக்களையில் என்ன வேலை என்று கேட்பவரும் உளர். உண்ணும் வேலை உள்ளவர்க்கு அரியும் வேலையும் உண்டு என்பதே அவர்க்கு விடை.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. தமிழகத்துக்கு வெளியே வளரும் உங்களுக்குத் தமிழ்ச்சொற்கள் பெரும்பாலும் ஏட்டில்தான் அறிமுகமாகின்றன. கழுவு, ஊறவை, வடி, அரி, துருவு, கிளறு, பிழி என்னும் ஏழு வினைச்சொற்களும் இந்த ஒரு கிண்ணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. கையால் செய்து கற்ற சொல் எளிதில் மறவாது.

ஒரு கிண்ணம் கோசுமல்லி முழுச் சமையலுக்கு ஈடாகாதுதான். ஆயினும், அன்று ஒரு கறியோ கூட்டோ குறையும். அந்த அரைமணி நேரம் அம்மாவும் மின்விசிறியின்கீழ் அமர்வார். அதற்காகவேனும் இவ்வாரம் ஒருநாள் நீங்கள் செய்து பரிமாறுங்கள்.