இலை முன்னால் குழந்தை

மதுரை மாநகரில் வயிறு நிறையவில்லை என்று குறை சொன்னவன் புராண காலத்தில் ஒருவன் உண்டு. அவன் பெயர் குண்டோதரன். மீனாட்சி கல்யாணத்துக்கென்று சமைத்து வைத்த அன்னத்தையெல்லாம் ஒருவனாகவே தின்று தீர்த்துவிட்டு, "இன்னும் கொண்டு வா" என்றான். பிறகு அவனுக்கு உண்டான தாகத்தைத் தணிப்பதற்காகச் சிவபெருமான் 'கையை வை' என்று சொல்ல, வைகை நதியே பெருகி வந்ததாம்.

சென்ற கோடை விடுமுறையில் அந்த ஊருக்கு மற்றொரு குண்டோதரனை நாம் அழைத்துச் சென்றோம். நம் பேத்திதான். வயது இரண்டேகால். யோசித்துப் பார்த்தால் பழைய குண்டோதரனைச் சமாளிப்பதே சுலபம் என்று தோன்றுகிறது. சாப்பாடு போதவில்லை என்பது அவன் குறை. சாப்பாடு வருகிற வரையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறதே என்பது இவள் குறை. முதற் குறைக்குச் சமையற்காரர் போதும். இரண்டாவது குறைக்கு மருந்து எந்தச் சமையலறையிலும் இல்லை.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, விடியற்காலையில் மதுரையில் இறங்கினோம். நாம், நம் இல்லத்தரசி, பெண், மாப்பிள்ளை, பேத்தி ஆக ஐந்து பேர். குழந்தை நாலரை மணிக்கே விழித்துக் கொண்டுவிட்டாள். "இப்போது ஏதாவது கொடுத்தால் டிபன் சாப்பிட மாட்டாள்" என்று தீர்ப்புக் கூறியவர் நாம். எட்டரை மணிக்கு ஸ்டேஷனுக்குச் சமீபத்தில் ஒரு சிற்றுண்டிச் சாலைக்குள் நுழைந்தோம். அன்று விடுமுறைக் கூட்டம். சமையலறைக்குப் போகும் வழியில் ஒரு மேஜை காலியாக இருந்தது. அது ஏன் காலியாக இருந்தது என்று நாம் யோசிக்கவில்லை.

தோசை வருவதற்கு இருபது நிமிஷம் ஆயிற்று. முதல் ஐந்து நிமிஷத்தில் தண்ணீர் டம்ளர் இரண்டு முறை தரையில் உருண்டது. அடுத்த ஐந்து நிமிஷம் குழந்தை மேஜைக்கு அடியில் வாசம் செய்தாள். பத்தாவது நிமிஷம் நம் பெண் பொறுக்க மாட்டாமல் கைப்பையைத் திறந்து கைபேசியை எடுத்தாள். நமக்கு ஆவேசம் வந்துவிட்டது. "குழந்தைக்குச் சோறு ஊட்டுவதற்குக் கண்ணாடிப் பலகையா? உன்னை நாங்கள் அப்படியா வளர்த்தோம்?" என்று ஒரு பிரசங்கம் செய்தோம். கைபேசி மறுபடி பைக்குள் போயிற்று. அதற்குப் பதிலாக வேறு வழி ஏதாவது நாம் சொன்னோமா என்றால், இல்லை. பிரசங்கத்தோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணிவிட்டோம்.

பதினைந்தாவது நிமிஷம் பேத்தியின் கையிலிருந்த சட்னி, பக்கத்து மேஜைப் பெரியவரின் வெள்ளை வேஷ்டியில் விழுந்தது. அவர் உத்தமர், சிரித்துக்கொண்டே துடைத்துக் கொண்டார். நாமோ குழந்தையின் கையில் ஒரு தட்டுத் தட்டினோம். அவள் அழுத அழுகையில் அந்த மண்டபமே திரும்பிப் பார்த்தது. அழுகையினூடே அவள் எட்டிய கை, அப்போதுதான் வந்து இறங்கிய சாம்பார்க் கிண்ணத்தை நாடிச் சென்றது. அவள் தாய் தடுத்தாளோ, பிழைத்தோம். ஆவி பறக்கும் சாம்பார் ஒரு விரற்கடை தூரத்தில் மேஜையில் கொட்டியது. பெரியவர்களின் தோலைவிடக் குழந்தையின் தோல் மெல்லியது. நம் கைக்குச் சுடுகிற சூடு அதன் கையை வேகவைத்துவிடும். அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்னும் நம் நெஞ்சு படபடக்கிறது.

எல்லாம் அடங்கிய பிறகு நாம் நம் தோசையைச் சாப்பிட்டு முடித்தோம். மாப்பிள்ளையும் முடித்தார். நம் பெண், ஆறிப்போய்த் தோல்போல் ஆகிவிட்ட தன் தோசையை நாலாக மடித்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபடியே இரண்டு வாயில் முடித்தாள். "ஏன் அம்மா, வேறு சூடாக வாங்கிக் கொள்ளேன்" என்றோம்.

"வேண்டாம் அப்பா. நான் சூடாகத் தோசை சாப்பிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. பழகிவிட்டது" என்றாள்.

அவள் புகாராகச் சொல்லவில்லை. அதனால்தான் அது சுருக்கென்று தைத்தது. நம் நாட்டுத் தாய்மார்கள் எத்தனை கோடிப் பேர் இப்படி ஆறிய தோசையைத் தின்றே காலம் கழிக்கிறார்கள்! வெளியூர் உல்லாசம் என்று நாம் அழைத்துப் போனது யாருக்காக? குழந்தையைச் சமாளிப்பது எப்படி என்ற கேள்வியில், அதன் தாய் உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி என்ற கேள்வியும் அடங்கியிருக்கிறது. நாம் அதுவரை இதைக் கவனிக்கவில்லை.

பிறகு கோயிலுக்குச் சென்றோம். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018-ஆம் ஆண்டு முதல் கைபேசிக்கு அனுமதி கிடையாது. ஐந்து பேரும் நிராயுதபாணிகளாக உள்ளே போனோம். ஆச்சரியம் என்னவென்றால், ஒன்றரை மணி நேரம் குழந்தை ஒருமுறைகூட அழவில்லை. யாளியின் வாயைப் பார்த்து வாயைப் பிளந்தாள். முக்குறுணி விநாயகரின் வயிற்றைப் பார்த்துத் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் கொண்டாள். வண்டியூர்த் தெப்பக்குளம் வெட்டிய மண்ணுக்குள்ளிருந்து அந்தப் பிள்ளையார் வந்தார் என்றும், சதுர்த்தியன்று அவருக்கு மூன்று குறுணி அரிசியில், அதாவது 18 படியில், ஒரே கொழுக்கட்டை செய்வார்கள் என்றும் அவள் பாட்டி சொன்னபோது, "எனக்கு?" என்று கேட்டாள். பொற்றாமரைக் குளத்தின் அருகே உட்கார்ந்து, லட்டுப் பிரசாதத்தை ஒரு துணுக்குக்கூடச் சிந்தாமல் தின்றாள்.

காலையில் அரக்கியாக இருந்தவள் பகலில் அம்பிகையாக மாறியது எப்படி? குழந்தை மாறவில்லை. காலையில் அவளுக்குப் பசி, தூக்கமின்மை, இடுக்கமான நாற்காலி, பார்ப்பதற்குப் பெரியவர்களின் முழங்கால்கள். கோயிலில் ஓடுவதற்கு இடம், பார்ப்பதற்கு ஆயிரம் விஷயம், பேசுவதற்கு ஒரு பாட்டி. வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் மதுரைக்குப் பழைய அநுபவம் உண்டு என்பது அப்போது நினைவுக்கு வந்தது. பாண்டியன் அறிவுடைநம்பி என்னும் அரசன் பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் 188-ஆவதாக இருக்கிறது. தளர்நடை நடந்து வந்து, சின்னக் கையை நீட்டி, உணவைத் தொட்டும் வாயால் கவ்வியும் துழாவியும், நெய்ச் சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை இல்லாதவர்களுக்கு, எத்தனை செல்வம் இருந்தும் வாழ்நாளில் பயன் இல்லை என்கிறான் அந்த அரசன். ஆனால் பிறகு தரையைத் துடைத்தவர் யார் என்று பாட்டில் இல்லை. அரண்மனையில் பணியாட்கள் இருந்திருப்பார்கள். சிற்றுண்டிச் சாலையில் அந்தப் பணி ஒரு ஏழைப் பையன் தலையில் விழுகிறது. ஆகையால் குழந்தை சிந்துவதைக் கண்டு மகிழ்கிறவர்கள் ஒரு பழந்துணியும் கையில் கொண்டு போவது நியாயம்.

பிட்டுக்கு மண் சுமந்த கதையும் மதுரைக் கதைதான். வந்திக் கிழவியிடம் கூலியாகப் பிட்டை வாங்கித் தின்ற பெருமான், கரையை அடைக்காமல் ஆடினார், பாடினார், தூங்கினார். பாண்டியன் பிரம்பால் அடித்தான். அடி அரசன் முதுகு உட்பட எல்லார் முதுகிலும் விழுந்தது. தின்றுகொண்டே விளையாடுகிறவரை அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமா? காலையில் நாம் குழந்தையைத் தட்டிய தட்டு அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேருடைய காப்பியிலும் விழுந்தது.

உபாயமும் மதுரையிலேயே இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடினார். அன்னையைச் சிறு குழந்தையாகப் பாவித்துப் பத்துப் பருவங்கள். தாலாட்டு, கை கொட்டும் சப்பாணி, முத்தம் கேட்டல், 'வா' என்றழைக்கும் வருகை, சந்திரனை விளையாடக் கூப்பிடும் அம்புலி, பிறகு அம்மானை, நீராடல், ஊசல். பக்தியை ஒரு புறம் வைத்துவிட்டுப் பார்த்தால், குழந்தையை மகிழ்விக்கும் வித்தைகளின் ஜாபிதா என்றே இதைச் சொல்லலாம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசு செலவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு பெரிய மனிதர் தம் முழுக் கவனத்தையும் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்க மனமில்லாதவர்தான் கைபேசியை வெறுத்துப் பிரசங்கம் செய்யலாகாது. காலையில் நாம் செய்தது அதுவே.

கைபேசி நல்லது என்று சொல்ல வரவில்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் கூறியிருக்கிறது. திரையைப் பார்த்துக்கொண்டே விழுங்கும் குழந்தைக்குத் தான் தின்பது இட்லியா, பஞ்சா என்று தெரிவதில்லை. வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை. ஆனால் திரையைப் பிடுங்குகிற கை வேறொன்றைக் கொடுக்கவும் வேண்டும்.

அன்று மாலை நாம் பிராயச்சித்தம் செய்தோம். முதலில், ஐந்து மணிக்குக் குழந்தைக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தோம். பசித்த குழந்தையைக் காத்திருக்கச் சொல்வது தர்மமல்ல. பிறகு சித்திரை வீதியில் அவளை ஓடவிட்டோம். கல் பாவிய அந்த வீதிகளில் வண்டிகள் வருவதில்லை. அரை மணி நேரம் ஓடிய கால், பிறகு இருபது நிமிஷம் உட்கார்ந்திருக்கச் சம்மதிக்கிறது. கோபுரத்தடியில் பனையோலைக் கிலுகிலுப்பை ஒன்று வாங்கினோம். அதை அப்போதே கொடுக்காமல் இல்லத்தரசியின் பையில் ஒளித்து வைத்தோம்.

கூட்டம் சேருமுன் ஏழு மணிக்கே ஒரு கடைக்குப் போனோம். சமையலறை வழியை விட்டு விலகி, சுவரோரத்து மேஜையாகப் பார்த்துக் குழந்தையைச் சுவர்ப் பக்கம் உட்கார வைத்தோம். "பாப்பாவுக்கு முதலில் இரண்டு இட்லி, எங்களுக்கு மெதுவாக" என்று பரிமாறுகிறவரிடம் சொன்னோம். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். சூடான கிண்ணங்களை நம் பக்கம் நகர்த்திக் கொண்டோம். நிலக்கடலை, முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய் இவை அவள் கைக்கு எட்டாமல் பார்த்துக் கொண்டோம். கடைவாய்ப் பற்கள் முற்றும் முளைக்காத வயதில் இவை மூச்சுக்குழலில் அடைத்துக் கொள்ளக்கூடும்.

இட்லி வரும் வரையில் மாப்பிள்ளை அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே புரோட்டா மாஸ்டர் மாவை வீசி வீசி விசிறியாக்கிக் கொண்டிருந்தார். பக்கத்துக் கல்லில் கொத்துப் புரோட்டாவுக்கு இரண்டு கரண்டிகள் ஜதி போட்டன. எந்த சினிமாவும் அதற்கு ஈடில்லை. எட்ட நின்று பார்த்துக் குழந்தை சப்பாணி கொட்டினாள். இட்லி வந்ததும் வாழையிலையில் தண்ணீர் தெளிக்கும் உத்தியோகத்தை அவளுக்கே கொடுத்தோம். முத்து முத்தாக உருண்ட நீர்த்துளிகளை விரலால் துரத்துவதில் ஐந்து நிமிஷம் போயிற்று. இட்லியைத் தானே பிய்த்துத் தின்றாள். மூக்கிலும் கொஞ்சம் தின்றாள். அவள் அலுத்துப்போன சமயம் பார்த்துக் கிலுகிலுப்பை வெளியே வந்தது. அதுவும் அலுத்தபோது நாம் எழுந்து, "வா கண்ணு, நிலாவைக் கூப்பிடலாம்" என்று வெளியே அழைத்துச் சென்றோம். அன்று நிலா இல்லை. தெரு விளக்கைக் கூப்பிட்டோம். அவளுக்குப் பேதம் தெரியவில்லை.

மறுநாள் சுமார் 20 கிலோமீட்டர் தூரத்திலுள்ள அழகர்கோயிலுக்குப் போய், மரத்தடியில் கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்தோம். அங்கே குழந்தைக்கு வேடிக்கை காட்டும் பொறுப்பைக் குரங்குகள் ஏற்றுக்கொண்டன. ஊதியமாக நம் தயிர்சாதப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போயின. மிஞ்சிய பசியை அழகர் கோயில் தோசைப் பிரசாதம் தீர்த்தது.

முதல் நாள் இரவு நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். தெரு விளக்கோடு பேசி முடித்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நாம் உள்ளே திரும்பி வந்தோம். நம் பெண்ணுக்கு முன்னால் தோசை ஒன்று முறுகலாக, ஆவி பறக்க வந்து இறங்கியது. அவள் பழக்க தோஷத்தால் எழுந்து குழந்தைக்காகக் கையை நீட்டினாள்.

"நீ உட்கார் அம்மா" என்றோம்.

அவள் உட்கார்ந்தாள். அவசரமில்லாமல் ஓரத்திலிருந்து பிய்த்து, சட்னியில் தோய்த்துச் சாப்பிட்டாள். பிறகு, இரண்டு வருஷத்தில் முதல் முறையாக, "இன்னொன்று" என்றாள்.

நம்முடைய தோசை மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி நமக்குக் குறையில்லை.